கெக்கோவா, ஆமையா, சுவர்ப் பல்லியா? சிங்கப்பூரில் 'அறிவான' ஊர்வன தேடுபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

"அண்ணே, லெப்பர்ட் கெக்கோ அறிவானதா, பியர்டட் டிராகன் அறிவானதா? மகன் ஒரே பிடிவாதம்." ஊர்வன வாங்க நினைக்கும் பெற்றோரிடமிருந்து எனக்குப் பெரும்பாலும் இப்படித்தான் கேள்வி வருகிறது. (கெக்கோ என்பது பல்லி வகை, லெப்பர்ட் கெக்கோ அதில் புள்ளி போட்ட ஓர் இனம். பியர்டட் டிராகன் முள்தாடி வைத்த ஓணான்.) நாயும் பூனையும் வேண்டாம். குரைக்காமல், முடி கொட்டாமல், ஓர் அறைக்குள் அடங்குகிற பிராணி வேண்டும். ஆனால் அது சும்மா கிடக்கவும் கூடாது, நம்மை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். காணொளிகளில் யாரோ ஒரு பையன் பல்லியைத் தோளில் போட்டுக்கொண்டு பாடம் படிப்பதைப் பார்த்தால் எந்தப் பிள்ளைக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. இங்கே வீட்டில் வளர்க்க அனுமதி உள்ள ஊர்வன இரண்டுதான்: ரெட் இயர்ட் ஸ்லைடர் என்கிற சிவப்புக் காது ஆமை, மலாயப் பெட்டி ஆமை. எந்த கெக்கோவும் பட்டியலில் இல்லை. பியர்டட் டிராகன், இகுவானா, பாம்பு, நட்சத்திர ஆமை எதுவும் இல்லை. அதனால் நமக்கு முன்னால் இருக்கும் தெரிவுகள் இவை: சட்டத்தை மீறி கெக்கோ, சட்டப்படி இரண்டு ஆமைகளில் ஒன்று, அல்லது எதையும் வாங்காமல், வீட்டுச் சுவரிலும் கால்வாய் ஓரத்திலும் ஏற்கெனவே இருப்பவற்றைக் கவனிப்பது. கடைசியில் சொன்னதைப் பலர் ஒரு தெரிவாகவே எண்ணுவதில்லை. நான் எண்ணுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் சட்டம். அதில் தேறாத தெரிவுக்கு மற்ற மதிப்பெண்கள் எல்லாம் வீண்.

இரண்டாவது, அறிவு என்று நாம் எதைத் தேடுகிறோம் என்பது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருவதா? உணவு தருபவரைத் தெரிந்து வைத்திருப்பதா? புதிய சிக்கலைத் தானே அவிழ்ப்பதா? ஒன்றில் கெட்டிக்காரனான பிராணி இன்னொன்றில் மந்தமாக இருக்கும். ஊர்வன விஷயத்தில் இந்தப் பிரிவினை ரொம்ப முக்கியம்.

மூன்றாவது ஆயுள். பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கித் தருகிற ஆமை, அவன் தேசிய சேவை முடித்து, வேலைக்குப் போய், தனி வீடு எடுத்த பிறகும் உங்கள் வரவேற்பறையில் இருக்கும்.

அப்புறம் இடம், வெப்பம், விளக்கு, மருத்துவர், வீட்டில் கைக்குழந்தையோ முதியவரோ இருக்கிறார்களா என்பது, டிசம்பர் விடுமுறையில் ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது. இவையெல்லாம் கடையில் யாரும் சொல்லாத செலவுகள்.

## ஊர்வன உண்மையிலேயே அறிவுள்ளவையா?

நெடுங்காலம் 'இல்லை' என்றே சொல்லிவந்தார்கள். அதற்கு ஒரு காரணம் சோதனை செய்த விதம். எலிக்குச் செய்த புதிர்ப்பாதையில் பல்லியையோ ஆமையையோ விட்டுவிட்டு, அது நகரவில்லை, எனவே மூளை இல்லை என்று எழுதிவிட்டார்கள். ஊர்வனவுக்கு உடல் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். குளிர்ந்த அறையில் வைத்தால் அதற்குத் தசையும் வேலை செய்யாது, மூளையும் சோம்பும். சூடு கொடுத்து, அதற்குப் பிடித்த உணவைக் காட்டி, அதன் வேகத்துக்குப் பொறுத்திருந்து பார்த்தபோது முடிவுகள் வேறு மாதிரி வந்தன.

போர்ட்டோ ரிக்கோவின் அனோல் ஓணான்களை வைத்து மனுவேல் லியல் குழுவினர் 2011இல் வெளியிட்ட சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். குழிக்குள் புழுவை வைத்து அதன்மேல் இறுக்கமாக ஒரு மூடி. இந்த ஓணான்கள் மரத்தில் இருந்தபடி நகரும் பூச்சியைப் பாய்ந்து பிடித்தே பழகியவை. மூடியைக் கழற்றும் வேலை அவற்றின் வாழ்க்கையில் கிடையாது. ஆனாலும் ஆறில் நான்கு கழற்றிவிட்டன. சில மூடியைக் கடித்து இழுத்தன, சில மூக்கை விளிம்புக்கு அடியில் விட்டு நெம்பின. பிறகு உணவு இருக்கும் மூடியின் நிறத்தை மாற்றியபோது, பழைய நிறத்தை விட்டுப் புதியதற்கு மாறியவையும் இருந்தன. ஒன்றைக் கற்பதைவிடக் கற்றதை விட்டுக்கொடுப்பது கடினம், நமக்கே அப்படித்தான்.

காணொளிகளில் நீங்கள் பார்க்கும் பியர்டட் டிராகன் மற்றவரைப் பார்த்துக் கற்கும். அன்னா வில்கின்சனும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், கம்பிக் கதவை ஒரு பக்கமாகத் தள்ளித் திறக்கும் ஓர் ஓணானின் காணொளியை மற்றவற்றுக்குக் காட்டினார்கள். பார்த்த எட்டும் திறந்தன. பார்க்காத குழுவில் ஒன்றும் திறக்கவில்லை. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு அதே ஆய்வாளர் சிவப்புக் கால் ஆமைகளிலும் இதுபோன்ற ஒன்றைக் காட்டியிருந்தார்: வேலியைச் சுற்றிப் போய் உணவை எடுக்கும் வழியை, இன்னோர் ஆமை போவதைப் பார்த்து அவை கற்றன. இத்தனைக்கும் அவை கூட்டமாக வாழும் பிராணிகள் அல்ல.

நினைவாற்றலில் ஆமைகளைக் குறைத்து எடை போட முடியாது. வியன்னா விலங்குத் தோட்டத்தில் ராட்சத ஆமைகளுக்குக் குறிப்பிட்ட நிறப் பந்தைத் தொடப் பழக்கினார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோது அவை மறக்கவில்லை. சிவப்புக் காது ஆமையின் நினைவையும் தனியே சோதித்திருக்கிறார்கள். எந்தப் பொருளைத் தேர்ந்தால் உணவு கிடைக்கும் என்று கற்றதை, இடையில் பயிற்சியே இல்லாமல் மாதக்கணக்கில் நினைவில் வைத்திருந்தது.

நம் ஊர்ப்பக்கத்துச் செய்தியும் ஒன்று உண்டு. மாமல்லபுரத்துக்கு அருகே உள்ள சென்னை முதலைப் பண்ணையில், கொக்குகள் கூடு கட்டும் பருவத்தில் முதலைகள் மூக்கின்மேல் சுள்ளிகளை வைத்துக்கொண்டு அசையாமல் கிடப்பதை விளாடிமிர் டினெட்ஸ் கவனித்தார். கூட்டுக்குச் சுள்ளி தேடி வரும் கொக்கு அப்படியே வாய்க்குள் போய்விடும். அமெரிக்காவின் லூசியானாவில் அலிகேட்டர்களிடமும் அவர் இதைக் கண்டார். சுள்ளி வைக்கும் வேலை கூடு கட்டும் காலத்தில்தான் அதிகம் நடந்தது. 2013இல் இது வெளியானது. ஊர்வனவிடம் கருவிப் பயன்பாடு என்று பேசத் தொடங்கியதே இதிலிருந்துதான்.

கெக்கோவுக்கு வருவோம். சுவிட்சர்லாந்தின் பேர்ன் பல்கலைக்கழகத்தில் டோக்கே என்கிற கெக்கோ இனத்தை வைத்துச் செய்த ஆய்வில், தன் உடல் வாசனையையும் வேறு டோக்கேயின் வாசனையையும் அது பிரித்தறிவது தெரியவந்தது. லெப்பர்ட் கெக்கோக்களிடம் 2016இல் ஓர் ஆய்வு நடந்தது. கூண்டில் ஐந்து வகை மாற்றங்களைச் செய்து எதில் ஆர்வம் காட்டுகின்றன என்று பார்த்தார்கள். வெப்பத்தையும் உணவுத் தேடலையும் சார்ந்தவற்றில்தான் அவை அதிகம் ஈடுபட்டன. புதிய பொருள், காட்சி, வாசனை எல்லாம் பின்தங்கிவிட்டன. கெக்கோ வாங்க நினைப்பவர்கள் இந்த முடிவை இரண்டு முறை படிக்க வேண்டும். அதன் அறிவு வெப்பம், இரை, ஒளிவிடம் ஆகியவற்றைச் சுற்றியே ஓடுகிறது. உங்கள் மகனின் முகம் அந்தப் பட்டியலில் எங்கோ கீழேதான் வரும்.

## தெரிவு 1: லெப்பர்ட் கெக்கோ

சட்டம்: முடியாது. வனவிலங்குச் சட்டத்தின்படி அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். அபராதமும் சிறையும் உண்டு. ஜொகூர் பாருவில் வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்து உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டலாம் என்று நினைப்பவர்களுக்குக் கடத்தல் குற்றமும் சேர்ந்துகொள்ளும். டெலிகிராம் குழுக்களில் விற்கிறார்களே என்றால், விற்கிறார்கள்தான். அங்கே வாங்குபவரும் சிக்குவார்.

"உட்லண்ட்ஸுக்கு அந்தப் பக்கம் அத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாராவாரம் போய்ப் பார்த்தால்?" என்றும் ஒருவர் கேட்டார். மலேசியச் சட்டம் வேறு, அங்கும் இனத்தைப் பொறுத்து உரிமம் தேவைப்படும். அதை விடுங்கள், உங்கள் ஆசைக்கு உணவூட்டிச் சாணி அள்ளப்போவது அத்தை.

அறிவு என்ற அளவில் இது நடுத்தரம். உணவு நேரத்தைப் பழகிக்கொள்ளும், கையைக் கண்டு பயப்படாமல் இருக்கக் கற்கும், இடுக்கியைக் கண்டதும் தலையைத் தூக்கும். கையில் ஏறி உட்கார்வதைப் பாசம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கை சூடாக இருக்கிறது, ஏறுகிறது. அவ்வளவுதான் என்பது என் கருத்து.

ஒரு விஷயத்தை மட்டும் கெக்கோவின் சார்பில் சொல்லிவிடுகிறேன். சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் சிறிய இடத்தில் வளர்க்க இது நல்ல பிராணி. சாதாரணமாக 15 முதல் 20 ஆண்டு வாழும், சாந்தமானது, அதிகம் நாறாது. ஆனால் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட நிலத்துக்காரன். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் அதை ஆரோக்கியமாக வைத்திருப்பதே தனிப் போராட்டம். இங்கே நோய் வந்தால் இன்னும் மோசம். மருத்துவரிடம் கொண்டுபோகப் பயந்து வீட்டிலேயே வைத்திருப்பார்கள், அது மெலிந்து சாகும். சட்டவிரோதப் பிராணியின் பெரிய மறைமுகச் செலவு அபராதம் அல்ல, இதுதான்.

இது பொருந்தும் சூழ்நிலை: நீங்கள் வேறு நாட்டுக்குக் குடிபெயரப் போகிறீர்கள், அங்கே அனுமதி உண்டு. அதுவரை பொறுங்கள்.

## தெரிவு 2: சிவப்புக் காது ஆமை

இங்கே பெரும்பாலானோர் வாங்குவது இதைத்தான். ஐம்பது காசு நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாக, பச்சையாக, கையடக்கமாக ஒரு குஞ்சு. விலை மலிவு. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் அதன் நடுவில் பிளாஸ்டிக் தென்னைமரமும் விற்பார்கள். அந்தத் தொட்டியை வாங்கவே வாங்காதீர்கள்.

அறிவில் இந்த ஆமை நம் ஆட்கள் நினைப்பதைவிடப் பல படி மேல். யீஷூனில் என் சித்தப்பா வீட்டில் ஒன்று இருக்கிறது. சித்தி சமையலறையிலிருந்து மஞ்சள் மூடி போட்ட டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்தால், அது கண்ணாடியோடு ஒட்டி வந்து முன்னங்கால்களால் படபடவென்று தண்ணீரை அடிக்கும். அதே சித்தி வெறுங்கையோடு நடந்தால் கல்மேல் கிடந்தபடியே பார்க்கும், கழுத்தைக்கூட நீட்டாது. சித்தப்பா டப்பாவை எடுத்தாலும் வரும். ஆளைவிட டப்பாதான் அதற்கு முக்கியம். சித்தி இதை ஒப்புக்கொள்ள மாட்டார், "என்னைத் தெரியும்" என்பார். விட்டுவிட்டோம்.

பிள்ளைகளோடு செய்து பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். சிவப்பு, நீலம் என இரண்டு பிளாஸ்டிக் கரண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்து நீட்டுங்கள்; சிவப்பை மூக்கால் தொட்டால் மட்டும் ஒரு உணவுக்குளிகை. இடம் வலமாக மாற்றி மாற்றி நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் நிறத்தைக் கற்காமல் பக்கத்தைக் கற்றுவிடும். நாளைக்கு ஒரு சில நிமிடம் போதும். கற்றுக்கொண்ட பிறகு விடுமுறைக்குப் போய்விட்டு வந்து மறுபடி நீட்டிப் பாருங்கள். ஊர்வனவுக்கு நினைவு உண்டா என்ற கேள்விக்கு உங்கள் வீட்டு ஆமையே பதில் சொல்லும்.

சரி, செலவுக்கு வருவோம். வளர்ந்த பெண் ஆமையின் ஓடு 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை போகும். ஓட்டின் ஒவ்வோர் இரண்டரை சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய 40 லிட்டர் தண்ணீர் என்பது வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு. 20 சென்டிமீட்டர் ஆமைக்கே 300 லிட்டர் தாண்டும். தண்ணீர் மட்டும் 300 கிலோ. தொட்டியும் கல்லும் தனி. மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறையில் அதை எங்கே வைப்பீர்கள் என்று யோசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

வெயில் காய மேடும், அதன்மேல் சூடு தரும் விளக்கும், புற ஊதா பி கதிர் தரும் விளக்கும் வேண்டும். ஜன்னல் ஓரம் வைத்தால் போதாதா என்றால், ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். அது இல்லாமல் கால்சியம் சேராது, ஓடு மெத்தென்று ஆகிவிடும். விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் குறைந்துவிடும் என்பதால் வகையைப் பொறுத்து ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். வடிகட்டி மீனுக்குப் போடுவதைவிட வலுவானதாக வேண்டும், ஏனென்றால் ஆமை மீனைவிட அழுக்கு செய்யும். நாய் பூனையைப் பார்க்கும் எல்லா மருத்துவரும் ஆமையைப் பார்க்க மாட்டார். பார்ப்பவரிடம் கட்டணம் கூடுதல்.

சால்மோனெல்லாவும் உண்டு. ஆரோக்கியமாகத் தெரியும் ஆமையே இந்தக் கிருமியைச் சுமக்கும். பிள்ளைகள் சின்ன ஆமையை வாயில் வைத்து நோய்வாய்ப்பட்டதால்தான் அமெரிக்காவில் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஆமைகளை விற்பதை 1975இல் தடை செய்தார்கள். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை, கர்ப்பிணி, நோய் எதிர்ப்புக் குறைந்த முதியவர் இருக்கும் வீட்டில் நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. கழுவும் வேலை பணிப்பெண் தலையில்தான் விழப்போகிறது என்றால் இந்த விஷயத்தை அவருக்கும் தெளிவாகச் சொல்லுங்கள்.

ஆயுள் 20 முதல் 40 ஆண்டு. பாதியில் சலித்துப்போய் நீர்த்தேக்கத்தில் விடுகிறவர்கள் ஏராளம். நம் பூங்காக் குளங்களில் வெயில் காயும் ஆமைகளில் பல இப்படி வந்தவை. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இதற்கும் இடம் உண்டு. விடுவது இங்கே குற்றம், புண்ணியம் என்று விசாக தினத்தன்று விட்டாலும் குற்றமே.

இது பொருந்தும் சூழ்நிலை: பிள்ளைகள் பெரியவர்கள், பெரிய தொட்டிக்கு இடம் உண்டு, பெற்றோரில் ஒருவருக்கே இதில் ஆர்வம் உண்டு. இந்த மூன்றும் சேர்ந்தால் குஞ்சு வாங்காமல், யாராவது கைவிட நினைக்கும் வளர்ந்த ஆமையைத் தத்தெடுங்கள். எவ்வளவு பெரிதாகும் என்ற கேள்விக்கு விடை கண்முன்னாலேயே இருக்கும். வளர்ந்ததற்கு அறிவும் குறையாது.

## தெரிவு 3: மலாயப் பெட்டி ஆமை

இதைப் பற்றிச் சுருக்கமாக. சட்டப்படி வளர்க்கலாம். அடிஓட்டில் கீல் போன்ற ஓர் இணைப்பு உண்டு. பயந்தால் தலை, கால், வால் எல்லாவற்றையும் உள்ளிழுத்து முழுவதுமாக மூடிக்கொள்ளும். இந்த ஒரு காரணத்தாலேயே முதல் சில வாரம் நீங்கள் ஒரு பெட்டியைத்தான் வளர்ப்பீர்கள். பழகிவிட்டால் தைரியமாக வெளியே வந்து, உணவு கொடுப்பவர் பக்கம் நடந்து வரும். நிலத்தில் நடப்பதால் ஸ்லைடரைவிட இதன் நடத்தையைக் கவனிப்பது எளிது: எந்த மூலையைத் தேடிப் போகிறது, எந்தத் தட்டை அடையாளம் காண்கிறது, நகர்த்தி வைத்த தண்ணீர்ச் சட்டியை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று பார்க்கலாம்.

வளர்ந்தாலும் ஸ்லைடர் அளவுக்குப் பெரிதாகாது. ஆனால் ஆழமில்லாத தண்ணீரும் நிலமும் இரண்டும் வேண்டும், எனவே தரைப்பரப்பு அதிகம் பிடிக்கும். வளர்ந்தபின் கீரை, பழம், நீர்த்தாவரம்தான் பிரதானம். ஈரச்சந்தையில் கங்குங் கீரை மலிவாகக் கிடைப்பதால் உணவுச் செலவு கையைக் கடிக்காது. முப்பது ஆண்டு வாழ்வது சாதாரணம்.

என் தயக்கம் வேறு இடத்தில். இது இந்த மண்ணின் ஆமை. சிங்கப்பூர்க் காடுகளிலும் ஓடைகளிலும் இருக்கிறது. இந்த வட்டாரம் முழுக்க இறைச்சிக்கும் விற்பனைக்கும் பிடித்துப் பிடித்தே அருகிவருகிறது, அனைத்துலக வர்த்தகமும் கட்டுப்பாட்டில் உள்ளது. வாங்கும்போது எங்கிருந்து வந்தது என்று விற்பவரால் சொல்ல முடியவில்லையென்றால் நடையைக் கட்டுங்கள். மழைக்குப் பிறகு பாதையில் ஒன்று நடந்து வந்தால் அதை எடுத்து வந்து வளர்ப்பதும் கூடாது.

## தெரிவு 4: எதையும் வாங்காமல்

நம் வீட்டுச் சுவர்ப் பல்லியும் கெக்கோதான். விளக்கின் எந்த ஓரத்தில் பூச்சி சேரும் என்று அதற்குத் தெரியும். மாலையில் சமையலறை விளக்கைப் போட்டால் வழக்கமான இடுக்கிலிருந்து வழக்கமான பாதையில் வரும். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒன்று, மின்விசிறிப் பெட்டி ஓரத்திலிருந்து இன்னொன்று. பெரியது விளக்குக்கு அருகில் இடம் பிடிக்கும், சின்னது நெருங்கினால் வாலை ஆட்டி விரட்டும். பாட்டி "பல்லி சொல்லிடுச்சு" என்று வேலையை நிறுத்திப் பலன் பார்ப்பார். அது பெரும்பாலும் இன்னொரு பல்லியிடம் தன் எல்லையைச் சொல்வது. பாட்டியிடம் நான் இதை விவாதிப்பதில்லை.

பிள்ளையிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, எத்தனை மணிக்கு வருகிறது, வால் அறுந்ததா முழுசா, எந்தப் பக்கம் உட்கார்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். வாலின் அடையாளத்தால் சில நாட்களிலேயே ஆள் தெரிந்துவிடும். பிறகு ஒருநாள் அந்த விளக்கை அணைத்துவிட்டு அடுத்த விளக்கைப் போட்டுப் பாருங்கள். எவ்வளவு நேரத்தில் இடம் மாறுகிறது என்பதுதான் சோதனை. பிடித்து டப்பாவில் அடைக்க வேண்டாம். அடைத்த பல்லி ஒளிவதைத் தவிர வேறு எதையும் காட்டாது.

பெரிய மூளையைப் பார்க்க வேண்டுமென்றால் உடும்பு. ஊர்வனவில் எனக்குப் பிடித்த கெட்டிக்காரன் இதுதான். கருந்தொண்டை உடும்புக் குட்டிகளிடம் எலி போட்ட ஒளிபுகும் குழாயைக் கொடுத்து 2008இல் ஒரு சோதனை வெளியானது. கீல் வைத்த சின்னக் கதவைத் திறந்தால்தான் எலி கிடைக்கும். பத்து நிமிடத்துக்குள் எல்லாமே திறந்துவிட்டன. இரண்டாம் முறை இன்னும் வேகம், வீண் முயற்சிகளும் குறைவு. அதன் நெருங்கிய உறவான நீர் உடும்பு நம் கால்வாய்களில் சர்வசாதாரணம். பீஷான் – அங் மோ கியோ பூங்காவிலும் பூமலை எனும் தாவரவியல் பூங்காவிலும் பார்க்கலாம்.

சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் இன்னும் நன்றாகப் பார்க்கலாம், நுழைவும் இலவசம். தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் போங்கள். உடும்பு சேற்றில் ஒவ்வொரு நண்டு வளையாக நாக்கை நீட்டி நீட்டி விசாரித்துப் போகும். சிலவற்றை ஒரு நொடியில் விட்டுவிடும், சிலவற்றில் நின்று தோண்டும். எதை விடுகிறது, எதில் நிற்கிறது என்று கவனித்தால் கூண்டுப் பிராணியிடம் வருடக்கணக்கில் கிடைக்காதது ஒரு காலைப் பொழுதில் கிடைக்கும். தீனி மட்டும் போடாதீர்கள். மனிதக் கையை உணவோடு சேர்த்துக் கற்ற உடும்பு பிறகு யாருக்கும் நல்லதல்ல. மழை பெய்தால் விலங்குத் தோட்டத்தின் ஊர்வனப் பகுதியான ரெப்டோப்பியா இருக்கிறது, அங்கே டிக்கெட் உண்டு.

குறை: தொட முடியாது, என்னுடையது என்று சொல்ல முடியாது. சில பிள்ளைகளுக்கு அதுதான் முக்கியம் என்பதும் உண்மை.

## ஒரே பார்வையில்

| தெரிவு | சட்டம் | அறிவு எதில் தெரியும் | ஆயுள் | எதிர்பாராத செலவு |
|---|---|---|---|---|
| லெப்பர்ட் கெக்கோ | தடை | உணவு நேரம், வெப்பம், ஒளிவிடம் | 15–20 ஆண்டு | வழக்கு. மருத்துவரிடம் போகத் தயக்கம் |
| சிவப்புக் காது ஆமை | அனுமதி | நிறம் பிரித்தறிதல், நீண்ட நினைவு | 20–40 ஆண்டு | பெரிய தொட்டி, விளக்கு மாற்றுதல், வடிகட்டி |
| மலாயப் பெட்டி ஆமை | அனுமதி | இடம் அறிதல், ஆளுக்குப் பழகுதல் | 30 ஆண்டும் மேலும் | தரைப்பரப்பு. எங்கிருந்து வந்தது என்ற கேள்வி |
| சுவர்ப் பல்லி, உடும்பு | கவனிக்கத் தடையில்லை | இரை தேடுதல், எல்லை காத்தல் | உங்கள் பொறுப்பில் இல்லை | பொறுமை, பஸ் காசு |

அனுமதிப் பட்டியல் மாறக்கூடியது. பணம் கொடுக்கும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

## என்னைக் கேட்டால்

பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது ஆகவில்லையென்றால் நான்காவது தெரிவுதான், சந்தேகமே வேண்டாம். ஓர் ஆண்டு நோட்டு எழுதி, ஆர்வம் அப்போதும் வற்றாமல் இருந்தால் ஆமையைப் பற்றிப் பேசலாம். அப்போதும் அப்பா அம்மாவில் ஒருவர், "பிள்ளை கைவிட்டாலும் நான் வைத்துக்கொள்வேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லத் தயங்கினால் அதுவே விடை.

தனியாகவோ துணையோடோ வாழும் பெரியவர்கள், வேலை முடிந்து வந்து ஒரு பிராணிக்கு எதையாவது கற்றுக்கொடுத்துப் பார்க்கும் ஆசை உள்ளவர்கள், தத்தெடுத்த ஸ்லைடரை எடுங்கள். கரண்டிச் சோதனையில் அது உங்களை ஏமாற்றாது. ஆண்டுக்கு ஒருமுறை மூன்று வாரம் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போகிறவர்கள் முதலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிவிடுங்கள். வளர்ந்த ஸ்லைடர் சில நாள் தீனியின்றித் தாங்கும். மூன்று வாரம் வடிகட்டி அடைத்துக்கொண்டால் தாங்காது.

பெட்டி ஆமை, வேறு யாரும் ஏற்க ஆளில்லாமல் உங்களிடம் வந்து சேர்ந்தால் மட்டும்.

கடைசியாக, ஏற்கெனவே வீட்டில் கெக்கோ வைத்திருப்பவர்களுக்கு. நீங்கள் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கால்வாய் ஓரத்திலோ புளோக்கின் கீழே புதரிலோ விட்டுவிடாதீர்கள். வறண்ட நிலத்துப் பல்லி அந்த ஈரத்தில் பிழைக்காது, பிழைக்கும் இனமாக இருந்தால் உள்ளூர்ப் பல்லிகளுக்கு ஆபத்து. பூங்காக் கழகத்தின் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவையையோ ஏக்கர்ஸ் மீட்பு அமைப்பையோ நீங்களே தொடர்புகொண்டு ஒப்படைக்க வழி கேளுங்கள். ஒப்படைக்கும் நாள் வரை கூண்டின் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருக்கட்டும், ஒளிந்துகொள்ள இரு பக்கமும் ஒரு மறைவிடம் வையுங்கள், தண்ணீர்ச் சட்டியைத் தினமும் மாற்றுங்கள். எப்போது கடைசியாகச் சாப்பிட்டது, என்ன சாப்பிட்டது என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுத்துவிடுங்கள். வாங்கிக்கொள்பவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.